ஸ்ஃபெர்ராகவால்லோ ரிவோல்வர்

1994 ஒக்டோபர் 11, செவ்வாய்

விடியவே மழை. பொலிதேயாமாச் சதுக்கத்தில் வேலை வீட்டுக்கு நனைந்துகொண்டு போனேன். வீட்டுக்கார சின்யோரே வாசலிலேயே நிற்கிறார். எழுபது வயதில் சின்னப்பிள்ளைத் துள்ளல்.

"பூமணி, கிடைச்சாலும் கிடைச்சிடும்!"

பழைய ரிவோல்வர்கள் சேர்க்கிற மனிதர். இந்த ஒன்றுக்குத்தான் இத்தனை வருடமாக ஏக்கம். பிரெஞ்சுக்காரன் செய்தது, யானைத்தந்தப் பிடி. தோட்டாவின் பக்கத்தில் ஊசி நீட்டிக்கொண்டிருக்குமாம். கடற்கரைப் பக்கம், ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு விதவை அம்மாவிடம் இருக்கிறது. வீட்டுக்கே வந்து பார்த்து, புருஷனின் பொருளை நன்றாக வைத்திருப்பவருக்குத்தான் விற்பாராம். போட்டிக்கு நொத்தாயோ, உறுதி எழுதுகிறவர்; அவரும் சேர்க்கிறவர்தான்.

அந்த ஆளா! ஆறு வருடத்துக்கு முன் மஞ்சள் கழுத்துப்பட்டியோடு வந்து, நான் தூசி தட்டி முடிய, ஏதும் களவு போயிற்றா என்று ரிவோல்வர்களை என் கண் முன்னாலேயே எண்ணிப் பார்த்தவர். அவருக்குப் போகக் கூடாது. கூடவே கூடாது.

வாங்க: பருப்பு, கற்பூரம், செருப்புக்கு ஒட்டுப்பசை.

13, வியாழன்

ஆயுத பூசை. நல்ல வெயில். அந்த அம்மா நாளைக்குத்தான் வருவார். ஊரில் தையல் மிசினுக்கும் கத்திக்கும் பொட்டு வைத்தோம், இந்த ரிவோல்வர்களுக்கு மட்டும் ஏன் இல்லை? சின்யோரே குளிக்கும் நேரம் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒவ்வொரு மல்லிகைப் பூ. என்ன வடிவு!

"மதோன்னா! ஈரம் பட்டால் துரு ஏறுமே!" குளித்துவிட்டு வந்த சின்யோரே அலறினார்.

எண்ணெய்த் துணியோடு இரண்டு பேரும் துடைக்க, வாசல் மணி. அந்த அம்மா, ஒரு நாள் முந்தி! பாதி இன்னும் பொட்டோடு. சின்யோரேக்கு முகத்தில் இரத்தமில்லை.

"இதென்ன, செத்தவீடோ?" என்றார் அந்த அம்மா.

அரைகுறை இத்தாலியனில் சொன்னேன்: "இல்லை சின்யோரா. வருசம் முழுக்க உழைச்சதுக்கு இண்டைக்குக் கும்பிட்டு ஓய்வு குடுக்கிறம்."

"நூறு வருசமா இதுகளுக்கு எங்கை வேலை?"

விழுந்து விழுந்து சிரித்தார். கோப்பியும் குடிக்காமல் போய்விட்டார்.

வீட்டில் மகள்: "அம்மா, உங்களுக்கென்ன விசரோ? வேலை போகப்போகுது."

14, வெள்ளி

சின்யோரே மிச்சப் பொட்டுகளைத் துடைத்தார். நானும்.

15, சனி

வீட்டுக்குப் போன். சின்யோரே கத்துகிறார்: "எங்களுக்குத்தான், பூமணி! எங்களுக்குத்தான்!"

நொத்தாயோ வீட்டில் எல்லாம் இரும்புப் பெட்டிக்குள்ளாம், புதைகுழி மாதிரியாம். அந்த அம்மா சொன்னாராம்: "பொட்டைக் கண்டிருந்தால் என்ரை மனுசன் உங்களைத் துரத்தியிருப்பார். பூவுக்கு மயங்கியிருப்பார். பூ வைச்ச மனுசிதான் வந்து வாங்கவேணும்."

நானா! பச்சைச் சீலை கட்டியாயிற்று. மகள்தான் மடிப்புப் பிடித்துவிட்டாள். கீழே சின்யோரேயின் கார் ஹோர்ன். திரும்பும்போது நொத்தாயோ வீட்டுப் பக்கமாக விடச் சொல்லவேண்டும். மெதுவாக. கண்ணாடியை இறக்கிவிட்டு.