குன்றில் பாதியை வெட்டச் சொன்னது நான்தான்

குவோஸ்ஸா குன்றடி, குளிர்கால முகாம்
19 பிப்ரவரி 1976

அன்பு மகள் எல்லேவுக்கு அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, உன் சித்தப்பா ஹெய்க்காவுக்கும் முழங்கால் வலியைத் தவிர ஒன்றுமில்லை. தெற்கே மால்மோ நகரத்தில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய காப்பிப் பொட்டலம் கிடைத்தது. பிரித்துக் கொதிக்க வைத்ததும் என் கோப்பையோடு அப்பாவின் கோப்பையையும் எடுத்து வைத்துவிட்டேன். அப்புறம்தான் நினைவு வந்தது. மூன்று மாதம் ஆகியும் கைக்கு இன்னும் தெரியவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தது மூன்று குளிர்காலம்தான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். வேறு யாராவது சொல்லி நீ கேட்பதற்கு முன்னால் என் கையால் எழுதிவிட வேண்டும். குவோஸ்ஸா குன்றில் பாதி மரம் போய்விட்டது. அப்பா நாலு வருஷம் மரக் கம்பெனியோடு மல்லுக்கு நின்று, தான் சம்மதிக்கும் வரை தொடக்கூடாது என்று எழுதி வாங்கி வைத்திருந்த குன்று. வெட்டச் சொன்னது நான்தான். நம் மந்தையில் அப்பாவின் காதுக்குறி வெட்டிய பனிமான்களெல்லாம் இப்போது உன்னுடையவை, அதனால் உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்க நேரமில்லை.

ஜனவரி நடுவில் இரண்டு நாள் மழை பெய்தது. அந்த மாதத்தில் மழை என்றால் உனக்கே தெரியும். நீர் பனிக்குள் இறங்கி அடியில் கல்லாக உறைந்துவிட்டது, தரையில் வளரும் வெள்ளைப் பாசியெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்ததுபோல் ஆகிவிட்டது. மான்கள் குளம்பு தேயத் தோண்டியும் ஒரு வாய் கிடைக்கவில்லை. முன்பென்றால் ஆற்றோரத்துப் பைன் காட்டுக்கு ஓட்டிப் போயிருப்போம், அங்கே பெரிய மரங்களின் கீழ் பனி குறைவு. அதைத்தான் கம்பெனி மொட்டையடித்து, நிலத்தையும் உழுது, வரிசையாகக் குச்சிக் கன்று நட்டு வைத்திருக்கிறதே. மிஞ்சியது இந்தக் குன்றின் கிழட்டு ஊசியிலை மரங்களும் அவற்றில் தாடிபோல் தொங்கும் கறுப்புப் பாசியும்தான். ஆனால் வாய்க்கு எட்டிய உயரத்தில் இருந்ததையெல்லாம் ஒரு வாரத்தில் தின்று தீர்த்துவிட்டன. அதற்கு மேலே மரம் நிறையப் பாசி தொங்குகிறது, கீழே நின்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்க்கின்றன. பனியின் மேலோடு மெல்லியது, ஏறினால் உடைந்து முன்னங்காலைக் கிழித்தது. போகிற வழியெல்லாம் இரத்தப் பொட்டு. அண்டங்காக்கைகள் வந்துவிட்டன, பின்னாலேயே கழுகு, அதற்குப் பின்னால் மான் அடிக்கும் பெரிய காட்டுப்பூனையின் தடம். அவற்றைக் குறை சொல்ல மாட்டேன், பசித்தது பசித்ததைத் தேடி வருகிறது. போன வருஷத்துக் கன்றுகள்தான் முதலில் படுத்தன. படுத்தது எழவில்லை.

பக்கத்துப் பண்ணைக்காரர் நல்ல மனதோடு ஒரு வண்டி வைக்கோல் தருகிறேன் என்றார். பட்டினி கிடந்த மான் வைக்கோலைத் தின்றால் செரிக்காமல் வயிறு நிறைந்தபடியே சாகும் என்று சொல்லி வேண்டாம் என்றேன். அவருக்கு அது புரியவில்லை, திமிர் பிடித்தவள் என்று நினைத்திருப்பார். உன் சித்தப்பா சுருக்குக் கயிற்றை மூலையில் எறிந்துவிட்டு, "அண்ணி, இன்னும் பத்து நாள் இப்படியே போனா மான் மேய்க்க வேண்டாம், தோலு உரிச்சா போதும்" என்றார். நான் அன்றே பனி ஸ்கூட்டரில் கம்பெனி ஆபீசுக்குப் போனேன். ஏரி வழியாகப் போகவில்லை. அணைக்காரர்கள் தண்ணீரை இறக்கிவிட்டு, பனிக்கட்டிக்கு அடியில் வெறும் காற்றை வைத்திருக்கிறார்கள். அது உடைந்து அப்பா மூழ்கிப் போன இடத்தைப் பார்க்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை, நாலு மணி நேரம் சுற்றிக்கொண்டு போனேன்.

லிண்ட்வால் என்ற அந்தக் காட்டதிகாரி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். துக்கம் கேட்டார். நான் உட்காரவில்லை. குன்றின் தெற்குச் சரிவை நாளைக்கே வெட்டுங்கள், ஒரு நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிப் போட்டு, உச்சியில் இருந்த பாசியை மான் தின்று முடித்த பிறகுதான் கிளையைக் கழிக்க வேண்டும் என்றேன். அவர் கண்ணைக் கண்ணை விழித்து, "நாலு வருஷமா உங்க வீட்டுக்காரர் ஒரு குச்சியைத் தொட விடல, இப்ப நீங்களா வந்து வெட்டுங்கறீங்களே அம்மா?" என்றார். "அவர் இருந்தப்ப ஜனவரியில மழை பெய்யல" என்றேன். வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பி, வந்த வழியே சுற்றிக்கொண்டு திரும்பினேன்.

மரம் வெட்ட வந்த ஆட்களில் ஒருவர் தைஸ்தோ என்ற பின்லாந்துக்காரர், வாய் ஓயாத மனிதர். முதல் மரம் விழுந்தபோது மான்கள் மிரண்டு ஓடின. மூன்றாவது நாள் மோட்டார் ரம்பச் சத்தம் கேட்டதுமே நாலு பக்கமிருந்தும் ஓடி வந்து அவரைச் சூழ்ந்துகொண்டன, மரம் எங்கே விழும் என்று பார்த்து வெட்டுவதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. "என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு கூட்டம் வரல" என்றார். உன் சித்தப்பா, "அங்க சாப்பாடு நல்லா இருந்திருக்காது" என்றார். நானும் சிரித்துவிட்டேன், எல்லே. அப்பா போன பிறகு முதல் தடவையாகச் சிரித்தது அப்பாவின் மரம் விழுந்துகொண்டிருக்கும்போது. ஒரு விரல் நீளப் பாசி வளர எத்தனை வருஷம் என்று அப்பா உன்னிடம் சொல்லியிருப்பார். இனி அந்தச் சரிவில் அது தொங்குவதை நீ பார்க்கப் போவதில்லை, உன் பிள்ளையும் பார்க்காது. ஆனால் மான்கள் தின்றன. படுத்துக் கிடந்த இரண்டு எழுந்தன.

வெட்டு தொடங்கி எட்டாம் நாள் கடுங்குளிர் இறங்கியது. கண் இமை ஒட்டிக்கொள்ளும் குளிர். செவ்வாய்க்கிழமை லிண்ட்வால் ஒரு காகிதத்தோடு வந்தார். ஆட்கள் எப்படியும் இங்கே இருக்கிறார்கள், வடக்குச் சரிவுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டால் மார்ச் முழுக்க மான்களுக்குத் தீனி, இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை ஆட்களை வேறு காட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்றார். மிரட்டவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். உன் சித்தப்பா, "போட்டுடுங்க அண்ணி, செத்தவருக்குப் பயந்து உயிரோட இருக்கறதைக் கொல்லாதீங்க" என்றார். நான் இரண்டு நாள் கேட்டேன்.

நேற்றுக் காலை சறுக்குக்கட்டையை மாட்டிக்கொண்டு தனியாக வடக்குச் சரிவுக்கு ஏறினேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை அந்த மரங்களைப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் போனேன். பாதி ஏறியதும் கவனித்தேன், கட்டை பனியில் பதியவே இல்லை. கழற்றிவிட்டு வெறும் காலணியோடு நின்றேன், தாங்கியது. குதித்தேன், தாங்கியது. அந்தக் குளிரில் மேலோடு இறுகித் தளம்போல் ஆகிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் பாசி என் முகத்தில் உரசுகிறது. இடுப்பளவு பனிக்கு மேலே நிற்கிறேன், முன்பு எட்டாத கிளையெல்லாம் எட்டுகிறது. உடனே ஓடிப் போய் மணி கட்டிய பெட்டை மானை இழுத்து வந்தேன், மந்தை பின்னால் வந்தது. ஒன்றுகூடப் புதையவில்லை. தலையைத் தூக்கித் தூக்கித் தின்றன, சாயங்காலம் வரை ஒரு சத்தமில்லை, மெல்லுகிற சத்தம் மட்டும்தான்.

இன்று காலை லிண்ட்வாலிடம் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மார்ச்சில் வெயில் வந்து மேலோடு இளகினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். தெரியாது என்றேன். அதுதான் உண்மை, மறுபடியும் மழை பெய்தால் எனக்கு வழி தெரியாது.

ஆனால் எனக்குத் தூக்கம் வராதது அதனால் இல்லை. எட்டு நாள் பொறுத்திருந்தால் குளிர் வந்திருக்கும், பனி தாங்கியிருக்கும், தெற்குச் சரிவும் நின்றிருக்கும். சித்தப்பாவிடம் சொன்னேன். "எட்டு நாள்ல பாதி மந்தை காக்காய்க்குப் போயிருக்கும், சும்மா இருங்க அண்ணி" என்றார். இருக்கலாம். போயிருக்காமலும் இருக்கலாம். அப்பா பொறுத்திருப்பாரா என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

மே மாதம் கன்று ஈனும்போது கட்டாயம் வா, இப்போதே லீவு சொல்லி வை. பஸ் தெற்குச் சரிவை ஒட்டித்தான் வரும், மொட்டையாக இருக்கும். முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் நன்றாகப் பார். அப்புறம் மந்தைக்குப் போய் உன் காதுக்குறி உள்ள தாய்களையும் அவற்றின் காலடியில் நிற்பதையும் பார். இரண்டையும் பார்த்த பிறகு என்னிடம் என்ன சொல்ல வேண்டுமோ சொல், திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன். கடவுள் உன்னைக் காக்கட்டும், உன் காலடியில் தரை உறுதியாக இருக்கட்டும். ஐஸ்மேல் மட்டும் நடக்காதே, ஊர்க் குளமானாலும் சரி.

உன் அம்மா,
ரிஸ்தின்