குனிந்ததால் வந்த வலி

ஆடி 10, இரவு

மார்பகப் புற்று குணமானதற்காக, என் மனைவி சுகுணா தை மாதம் திருத்தணி மலையின் முந்நூற்று அறுபத்தைந்து படிகளுக்கும் குனிந்து குனிந்து மஞ்சள் குங்குமம் வைத்து ஏறினாள். வேண்டுதல் என்னுடையது. முருகன் ஒரு படி குறையாமல் வாங்கிக்கொண்டான்.

முதுகு வலிக்கிறது என்றாள். "குனிஞ்சதுல புடிச்சிகினு இருக்கும்" என்று சொல்லி ஆறு மாதம் தைலம் தேய்த்தேன். கால் மரத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தலை ஸ்கேனில் ஒன்றுமில்லை. இன்று ஊசி மருந்து போட்டு முதுகுத்தண்டை எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். படத்தில் தண்டுவடத்தை ஒட்டி மெல்லிய வெள்ளைக் கோடு.

"தண்டுவடத்த மூடியிருக்கிற உறையில புற்று பரவியிருக்கு. வலி எப்ப ஆரம்பிச்சது?" என்று டாக்டர் கேட்டார்.

"படி ஏறினதுல இருந்து" என்றேன்.

"இல்லைங்க டாக்டர்" என்றாள் சுகுணா. "அதுக்கு மின்னாடியே வலிச்சிகினுதான் இருந்துது. இவரு வேண்டிக்கினாரேன்னு சொல்லல."

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல் தைலத்தை நீட்டித் திரும்பி உட்கார்ந்தாள். எந்த இடத்தில் வலிக்கிறது என்று இன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன்.