தலைக்கு விட்ட அரை இஞ்ச்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம், மனசளவில் எப்படி என்பது படிக்கப் படிக்க உனக்கே தெரியும். நீ சௌக்கியமா என்று கேட்டால் சௌக்கியம் என்றுதான் சொல்வாய், அதனால் அதைக் கேட்கவில்லை. நெற்றியில் போட்ட மூன்று தையலையும் பிரித்தாயிற்றா, அந்த இடம் ஆறிவிட்டதா, அதை மட்டும் ஒளிக்காமல் எழுது. ஆமாம், எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பாகிட்ட சொல்லிடாதே என்று நீ அம்மாவிடம் சொன்னதும் தெரியும். அவளும் பாவம் பதினோரு நாள் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். போன புதன்கிழமை டிரைவிங் ஸ்கூல் வேலை முடிந்து வந்து சாவியை மேசைமேல் வைத்தவள், இன்னிக்கு ஒருத்தர் பெல்ட் போடாமலே வண்டியை எடுத்தார், எனக்கு உடனே நம்ம பாப்பா நெத்திதான் ஞாபகம் வந்துது என்று ஆரம்பித்துவிட்டு அப்படியே நிறுத்திக்கொண்டாள். என்ன நெத்தி, யார் நெத்தி என்று நான் விடாமல் கேட்கவும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மலைப்பாதை இறக்கத்தில் முன்சக்கரம் மரவேரில் மாட்டியது, நீ கைப்பிடிக்கு மேலே பறந்தது, விழுகிறபோது ஹெல்மெட் பின்னால் சரிந்து பிடரிக்குப் போய்விட்டது, நெற்றி நேராகக் கல்லில் பட்டது, எல்லாம். நீ இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாயாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மா நீ அனுப்பிய போட்டோவையும் காட்டினாள். தலையில் கட்டோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாய், கையில் ஹெல்மெட்டைக் கூடை மாதிரி கவிழ்த்துப் பிடித்திருக்கிறாய். நான் முதலில் கட்டைத்தான் பார்த்தேன். பிறகு பெரிசாக்கிப் பார்த்தபோதுதான் ஹெல்மெட்டுக்குள்ளே மடித்துச் செருகியிருந்த துணி கண்ணில் பட்டது. நீலக் கட்டம் போட்ட துணி. அந்த மூலை மடிப்பு யார் கை என்று எனக்குத் தெரியாதா, நீ ஊரைவிட்டுக் கிளம்பிய வாரம் நான் தைத்துக் கொடுத்த ஆறு கைக்குட்டையில் ஒன்று. அதைப் பார்த்த நிமிஷத்திலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை பாப்பா. அந்த ஹெல்மெட் நான் உன் பிறந்தநாளுக்கு வாங்கி அனுப்பியது. உனக்கு அது தொளதொளவென்று இருந்திருக்கிறது. நீ இரண்டு வருஷமாக என் கைக்குட்டையை அடைகொடுத்து அதை மாட்டிக்கொண்டு மலை ஏறி இறங்கியிருக்கிறாய், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

புதன்கிழமையே உனக்குப் போன் பண்ணினேன். கடிதம் வருகிறவரைக்கும் சைக்கிளை எடுக்காதே என்று மட்டும் சொன்னேன். ஏம்ப்பா, என்ன விஷயம் என்று நீ கேட்டாய், எல்லாம் கடிதத்தில் எழுதுகிறேன் என்றேன். நீ சரிப்பா என்றுதான் சொன்னாய். ஆனால் உன் சரிப்பாவை எனக்கு இருபத்தொன்பது வருஷமாகப் பழக்கம். பல் தேய்த்துவிட்டுப் படு என்றால் ஒரு சரிப்பா, பரீட்சைக்கு எழுப்பினால் ஒரு சரிப்பா, எதற்குப் பிறகும் ஆள் அசைந்ததில்லை. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, நீ மலைக்குப் போகிற நாள். காலையிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. எடுக்காததற்கு ஆயிரம் காரணம் இருக்கும் என்று அம்மா சொல்கிறாள், எனக்கு ஒரு காரணம்தான் தோன்றுகிறது. இந்த வரியை எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்து வாசல்வரை போய்விட்டு வந்தேன், வாசலில் எனக்கு என்ன வேலை என்று எனக்கே தெரியவில்லை. அம்மா, உட்கார்ந்து எழுதுங்க இல்லாட்டி எழுந்து நடங்க, ரெண்டையும் சேர்த்துப் பண்ணினா எழுத்து கோணுது என்கிறாள். கோணட்டும்.

வேலையிடத்திலும் இந்த வாரம் என் கதை இப்படித்தான். ஆஸ்பத்திரிக்கு எண்பது கோட்டு, வெள்ளிக்கிழமைக்குள் வெட்டிக் கொடுக்க வேண்டியது. வியாழக்கிழமை பன்னிரண்டு கோட்டுக்கு இரண்டு கையும் இடது கையாகவே வெட்டி வைத்துவிட்டேன். முப்பத்தியொரு வருஷத்தில் இப்படி நடந்ததே இல்லை. காஜா எடுக்கிற பையன், பொத்தான் என்று கூப்பிடுவோமே, அவன் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மாஸ்டர், இந்த டாக்டருங்க எல்லாம் ஒரே பக்கமாத்தான் ஊசி போடுவாங்களா என்று கேட்டான், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டுத் துணியை ஓரமாக வைத்துவிட்டு நேரே சைக்கிள் கடைக்குக் கிளம்பிவிட்டேன். உனக்குச் சரியான அளவில் ஒன்று வாங்கி உடனே பார்சல் பண்ணிவிடுவது என்றுதான் போனேன். கடைக்காரர் கையில் கிரீஸ், காதில் பென்சில், என் மாதிரிதான் ஆள். என்ன அளவு என்று கேட்டார். இருபத்திரண்டு இஞ்ச் என்றேன். மகள் அளந்து சொன்னதா என்றார். மகள் இருபத்தொன்றரைதான் எழுதி அனுப்பினாள், நான்தான் அரை இஞ்ச் சேர்த்துக்கொண்டேன் என்று என் வாயாலேயே சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தன்மையாகத்தான் சொன்னார், மாஸ்டர், சட்டைக்குள்ள உடம்பு அசையணும், இதுக்குள்ள தலை அசையக்கூடாது என்று.

உனக்குத் தெரியும், பட்டறையில் என் பெயரே அரை இஞ்ச் மாஸ்டர். யார் எந்த அளவைக் கொடுத்தாலும் மூச்சு விடவும் கையைத் தூக்கவும் சாப்பிட்டு எழுந்திருக்கவும் அரை இஞ்ச் கூட்டி எழுதாமல் என் பென்சில் நிற்காது. நீ அனுப்பிய அளவுச் சீட்டிலும் யோசிக்காமலேயே எழுதியிருக்கிறேன். யோசித்துத் தப்புப் பண்ணியிருந்தால்கூட மனசு ஆறும். கடைக்காரர் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைக் காட்டினார், இருபத்தொன்றரைக்குச் சின்ன சைஸ், இருபத்திரண்டுக்கு நடு சைஸ், அந்த அரை இஞ்சில் சைஸே மாறிப்போகிறது. பின்னால் இருக்கிற திருகைத் திருகினால் இறுகிவிடாதா என்று கேட்டேன். அது சரியான சைஸைக் கொஞ்சம் கச்சிதமாக்கத்தான், பெரிசைச் சின்னதாக்க இல்லை, பெரிசை இறுக்கினால் உள்வளையம்தான் தலையைப் பிடிக்கும், ஓடு தனியாக ஆடும் என்றார். நீ அதைத்தான் செய்திருப்பாய், திருகைக் கடைசிவரை திருகி, அதுவும் போதாமல் கைக்குட்டை.

சரி, அந்தச் சின்ன சைஸைக் கொடுங்க என்றேன். கொடுக்க மாட்டேன் என்கிறார். தலையைக் கூட்டிட்டு வாங்க, அளவு ஒண்ணா இருந்தாலும் தலை ஒண்ணா இருக்காது என்கிறார். என் தலையில் ஒன்பது ஹெல்மெட் மாட்டிக் காட்டினார். எனக்கு உருண்டைத் தலை, நெற்றிக்குச் சரியாக இருந்தால் காதுக்கு மேலே நெருக்குகிறது. உனக்கோ அம்மாவின் தலை, முன்னும் பின்னும் நீளம். அதனால் சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் வரமாட்டேன் என்று ஒரு மணி நேரம் சண்டை, வந்தபிறகு கண்ணாடியை விட்டு நகரமாட்டேன் என்று ஒரு மணி நேரம். கொண்டை ஊசியை எல்லாம் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தாள். கடைக்காரர் சொல்லச் சொல்ல நான் சீட்டில் குறித்துக்கொண்டேன், அப்படியே உனக்கு எழுதுகிறேன், நீ கடைக்குப் போகும்போது இதை எடுத்துக்கொண்டு போ. புருவத்துக்கு மேலே ஒரு விரல் அகலம் விட்டு, காதுக்கு மேலாகக் கொண்டுபோய், பின்னந்தலை புடைத்த இடத்தைச் சுற்றி அளக்க வேண்டும், முடியை மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு அளக்காதே. மாட்டினால் நேராக உட்கார வேண்டும், நீ போட்டோவுக்குப் போடுகிற மாதிரி நெற்றி தெரிய மேலே தூக்கி அல்ல, புருவத்துக்கும் அதற்கும் நடுவில் இரண்டு விரலுக்குமேல் இடம் இருக்கக்கூடாது. வாரைப் பூட்டாமலே தலையை மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்டிப் பார், ஹெல்மெட் நகர்ந்தால் வேண்டாம், அதோடு சேர்ந்து நெற்றித் தோலும் நகர்ந்தால்தான் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அம்மா கடை நடுவில் நின்று ஆட்டின ஆட்டத்தில் டியூப் வாங்க வந்தவர் ஒதுங்கி நின்றார்.

முதலில் மாட்டினது அவளுக்கு நெற்றியில் அழுத்தி, காதுக்கு மேலே விரல் நுழைகிற மாதிரி இடம் விட்டது. அது உருண்டைத் தலைக்குச் செய்தது, இந்தத் தலைக்குச் சரிப்படாது, சைஸைப் பெரிசாக்கினாலும் சரிப்படாது, வேறு கம்பெனி பாருங்க என்றார் கடைக்காரர். நீயும் ஒரே கடையில் ஒன்றை மாட்டிவிட்டு ஓடி வராதே, ஐந்தாறையாவது மாட்டிப் பார், பிடித்ததைப் பத்து நிமிஷம் தலையிலேயே வைத்துக்கொண்டு கடைக்குள் சுற்று, ஒரே ஒரு இடத்தில் வலித்தால் வைத்துவிடு. பக்கத்து வார் இரண்டும் காதுமடலுக்குச் சற்றுக் கீழே சேர வேண்டும். தாடை வாரில் விரல் நுழைகிற அளவுதான் இடம், வாயைப் பெரிதாகத் திறந்தால் ஹெல்மெட் கீழே இழுபட வேண்டும், உனக்குக் கொட்டாவி வருமே அந்த அளவுக்குத் திற. நான் முன்பு வாங்கினது ரோட்டில் ஓட்டுகிறவர்களுடையதாம், பின்னந்தலை பாதிக்குமேல் வெளியே தெரியும். மலைப்பாதைக்கு என்றே செய்ததில் பிடரிப் பக்கமும் நெற்றிப்பொட்டுப் பக்கமும் இன்னும் இறங்கி மூடுகிறது, முன்னால் தொப்பிக்கு இருக்கிற மாதிரி ஒரு கூரை இருக்கிறது. அதையும் எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை, நிறம் உனக்குப் பிடிக்குமா என்று மட்டும் அரை நாள் யோசித்தேன். கடைசியில் ஒன்று அம்மாவுக்கு அச்சாகப் பொருந்திவிட்டது, அதையே அனுப்பிவிடுகிறேன் என்று கையில் எடுத்தேன். கடைக்காரர் அதை வாங்கித் திரும்பக் கொக்கியில் மாட்டிவிட்டு, இது அம்மாவுக்குச் சரியா இருக்கு, அப்ப அம்மாதான் ஓட்டணும் என்றார். அம்மாவுக்கு ஒரே பெருமை. வீடு வருகிற வழியெல்லாம் சைக்கிள் கடைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள், நான் கவனிக்காத மாதிரி இருந்தேன்.

மற்றபடி வீட்டில் துணி துவைக்கிற இயந்திரம் நடக்கப் பழகியிருக்கிறது, சுற்றும்போது கதவுவரை வந்துவிடுகிறது, மெக்கானிக் வருகிறேன் வருகிறேன் என்று மூன்று வாரமாகிறது. உன் அறை ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று. அம்மா இதை எல்லாம் போட்டோ எடுத்து அனுப்பிடலாமே, எதுக்குத் தபால் என்கிறாள். போட்டோவும் அனுப்புவாள், அனுப்பட்டும். ஆனால் இதோடு ஒரு சீட்டை வைக்கிறேன், அது உன் கைக்கே வர வேண்டும். நீ இரண்டு வருஷத்துக்கு முன்னால் எழுதி அனுப்பிய அளவுச் சீட்டுதான், என் வெட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே இருந்தது. உன் எழுத்தில் இருபத்தொன்றரை, அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் என் நீலப் பென்சிலில் இருபத்திரண்டு. நீ சரியாகத்தான் அளந்தாய் என்பதற்கு அதுதான் சாட்சி.

இந்த இடத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா போனைக் கொண்டுவந்து மூக்குக்கு முன்னால் நீட்டினாள். நீ ஒரு படம் அனுப்பியிருக்கிறாய், எழுத்து ஒன்றும் இல்லை, உன் அறைச் சுவரில் சைக்கிள் சாய்ந்து நிற்கிறது. பெரிசாக்கி டயரைப் பார்த்தேன், சேறு காய்ந்து கிடக்கிறது, புதுச் சேறு இல்லை. அந்தச் சரிப்பா நிஜமான சரிப்பாதான் என்று தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அம்மா பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இனி பூசி மெழுகாமல் கேட்டுவிடுகிறேன். ஏன் பாப்பா சொல்லவில்லை? அளவு விஷயத்தில் அப்பாவைக் குறை சொல்லக்கூடாது என்றுதானே? ஊரெல்லாம் மாஸ்டர் மாஸ்டர் என்கிறார்கள், மகளே தப்பென்று சொன்னால் மனசு கஷ்டப்படும் என்றுதானே கைக்குட்டையைச் செருகிக்கொண்டாய்? நீ சொல்லியிருந்தால் எனக்கு ஒரு நாள் முகம் சுருங்கியிருக்கும், அவ்வளவுதான். உன் பாவாடை சட்டை யூனிபாரம் எல்லாமே நான் பெரிசாகத்தான் வெட்டினேன், அடுத்த வருஷமும் போடுவாய் என்று. நீயும் அதையெல்லாம் ஊக்குக் குத்திக்கொண்டு வாயைத் திறக்காமல் போட்டுக்கொண்டு போனாய். அந்தப் பழக்கம் உனக்கும் விடவில்லை, எனக்கும் விடவில்லை. ஆனால் நீ வளர்ந்து முடித்து எத்தனையோ வருஷமாகிவிட்டது.

அந்தப் பழைய ஹெல்மெட் ஒரு தடவை அடிவாங்கிவிட்டது, வெளியே கீறல்தான் தெரியும், உள்ளே நொறுங்கியிருக்கும், இனி அது எதற்கும் ஆகாது. அப்பா வாங்கிக் கொடுத்ததாயிற்றே என்று அலமாரியில் எடுத்து வைக்காதே, வேறு யாருக்கும் கொடுத்தும் விடாதே. கத்திரிக்கோலை எடுத்து இரண்டு பக்க வாரையும் வெட்டிவிட்டுக் குப்பையில் போடு. வெட்டின வார்த்துண்டு ஒன்றை எனக்குத் தபாலில் அனுப்பு, அதைப் பார்த்தால்தான் என் கால் ஓரிடத்தில் நிற்கும். கைக்குட்டையை மட்டும் துவைத்து வைத்துக்கொள்.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், எல்லா மலையும் ஏறி முழுசாக இறங்கி வர வேண்டும், அம்மாவின் ஆசீர்வாதமும் இதிலேயே சேர்த்தி. புதுசு வாங்கி மாட்டிப் பார்த்ததும் எப்படி இருக்கிறது என்று எழுது. சரியாக இல்லை என்றால் சரியாக இல்லை என்றே எழுது. கூடவே தலையை மறுபடி ஒரு தடவை அளந்து அனுப்பு. நீ எழுதுகிற எண்ணை நான் தொடமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அளவை அடித்து எழுதிய
அப்பா