அக்காவுக்கு வந்தது ஜன்னி இல்லை

என் ஆசை சரோஜாக்கா,

நீ போய் ஏழு வருஷம் கழித்து எழுதுகிறேன். முன்பே எழுதியிருக்கலாம். ஆனால் எழுத என்ன இருந்தது, எனக்கே எதுவும் புரியவில்லையே? இப்போது புரிகிறது. புரிந்து யாருக்கு லாபம்?

எனக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிறது. மூக்கு அப்படியே உன் மூக்கு என்று அம்மா சொல்கிறாள். பார்க்கிறேன், மூக்கு தெரிகிறது. என் குழந்தை என்று மட்டும் தோன்றவில்லை. பால் கொடுக்கிறேன், துணி அலசுகிறேன், தூளி ஆட்டுகிறேன். அவ்வளவுதான்.

உன் தலைப்பிரசவத்துக்கு நீ நம் வீட்டுக்கு வந்திருந்தாயே. தீட்டுக் கழிந்ததும் தறியில் உட்கார்ந்துவிட்டாய். அப்பாவுக்குக் கண் மங்கியிருந்தது. வீட்டில் உன் அளவுக்கு நெய்ய ஆளில்லை. கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். சேலையின் உடலுக்கு நீ, கரைக்கு ஊடை நூல் நாடாவை வீச உன் வலப்பக்கத்தில் நான். நீ சரியாகச் சாப்பிடவில்லை, தலை வாரவில்லை, குழந்தை அழுதால் திரும்பியும் பார்க்கவில்லை. அம்மா பயந்துபோய் அப்பாவிடம் சொன்னாள். அப்பா வந்து உன் முகத்தைப் பார்க்காமல், நீ நெய்த சேலையை விரலால் தடவிப் பார்த்தார்.

“ஒரு இழகூட பிசகல. மனசு சரியில்லாதவ கை இப்டி ஓடுமா? பொண்ணு நல்லாத்தான் இருக்குது, போ.”

நெசவுக்காரர் வீட்டில் அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? எல்லாரும் நம்பினோம். கை பழக்கத்திலேயே ஓடும், மனசு எங்கோ கிடந்தாலும் ஓடும் என்பது தறியில் உட்காரும் எங்களுக்குத் தெரியாதா? தெரியும். உன் விஷயத்தில் தோன்றவில்லை.

என்னிடம் ஒரு தரம் சொன்னாய். “கமலா, கொழந்த அழுதா யார் வூட்டுக் கொழந்தயோ அழுதுக்கினு இருக்குற மாதிரி கேக்குதுடி.” நான் சிரித்தேன் அக்கா. “நல்லா தூங்குக்கா, சரியாப் பூடும்” என்று சொல்லி நாடாவை வீசினேன். எனக்கு அப்போது பதினாறு வயது என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன், மனசு ஏற்கவில்லை. அந்த வாரமே நீ உன் உயிரை முடித்துக்கொண்டாய்.

போன மாதம் தடுப்பூசி போடக் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். லேடி டாக்டர் குழந்தையைப் பார்த்துவிட்டு, “உனக்கு எப்படி இருக்குதும்மா?” என்றார். பிரசவத்துக்குப் பிறகு யாரும் என்னைக் கேட்காத கேள்வி. நீ அன்று சொன்னதுதான் என் வாயிலும் வந்தது. அவர் சிரிக்கவில்லை.

“புள்ள பெத்தப்புறம் சில பொண்ணுங்களுக்கு மனசுல வர்ற நோய்மா இது. நீ செஞ்ச தப்பு இல்ல. திங்கட்கிழமையில மனசுக்குப் பாக்குற ஒரு அம்மா வர்றாங்க. வந்து பேசு.”

வீடு வரும்வரை அழுதேன். எனக்காக இல்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் உன்னை ஒருத்தர் அப்படிக் கேட்டிருந்தால்?

மூன்று திங்கட்கிழமை போய்விட்டேன். அந்த அம்மா கேட்கிறார், நான் பேசுகிறேன், திரும்பி வருகிறேன். தேறிவிடுவேன் என்று எனக்குத் தோன்றவில்லை. உன்னிடம் பொய் சொல்வானேன்? என் வீட்டுக்காரர் வேறு, “பைத்தியத்துக்குப் பாக்குறாங்கன்னு தெருவுல பேசுவாங்க, நிறுத்திடு கமலா” என்கிறார். கெட்டவர் இல்லை, பயந்த சுபாவம். சில நாள் உன்னிடமே வந்துவிடலாம் என்று தோன்றுகிறது. அதையும் அந்த அம்மாவிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

வாலாஜாபாத்தில் உன் மாமியார் வீட்டில் வளரும் உன் மகள் போன வாரம் வந்திருந்தாள். ஜன்னி கண்டு அம்மா செத்தாள் என்றுதான் அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். தெருவில் வேறு என்னவோ காதில் விழுந்திருக்கிறது. தூளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, “சித்தி, எங்கம்மாவுக்கு என்னப் புடிக்கலயா?” என்றாள்.

“புடிக்கும்டி” என்றேன். அவள் நம்பவில்லை.

ஏழு வயதுப் பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வது? விவரம் தெரியும் வயது வரட்டும். உனக்கு வந்தது நோய், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் நாங்கள் பார்க்கவில்லை என்று அவளிடம் சொல்வேன். நான் சொல்லாவிட்டால் அதைச் சொல்ல வேறு யாரும் இல்லை. அதற்காகவாவது அதுவரை நான் உயிரோடு இருக்க வேண்டும். வருகிற திங்கட்கிழமையும் போகிறேன் அக்கா, இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப் பிறந்தவள், உன் மகளுக்குச் சித்தி,
கமலா