ஆடு தொடாத புங்கன்

சித்திரை, செவ்வாய்க்கிழமை.

புறம்போக்கில் வனத்துறை நட்ட புங்கன் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றத்தான் எனக்குத் தினக்கூலி. அது மாதக்கணக்கில் வராததால், அதிகாரிகளுக்குச் சொல்லாமல் பனியன் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தேன். கன்றுகள் பாதி காய்ந்துவிட்டன. அதிகாரி வருகிறார் என்றதும் காய்ந்தவற்றைப் பிடுங்கி எறிந்தேன்.

இன்று காலிக் குழிகளைக் காட்டி அவர் கேட்டார்.

"ஆடு தின்னுருச்சுங்க சார்" என்றேன்.

ஆடு புங்கனைத் தொடாது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அவர் வெளியூர்க்காரர். ஆனால் ஆடு மேய்க்கும் மாராத்தாக்கா பக்கத்திலேயே நின்றிருந்தார். என்னை ஒரு முறை பார்த்தார்.

"ஆமாங்க, எங்க ஆடுதானுங்க."

இனி இந்த இடத்தில் மேய்ச்சலே கூடாது என்று சொல்லிவிட்டு அதிகாரி ஜீப்பில் ஏறினார். மிச்சமிருந்த கன்றுகளுக்கு நடுவே ஆடுகள் ஓர் இலையைக்கூட முகராமல் நடந்துபோயின.

"ஏனுங்கக்கா அப்படிச் சொன்னீங்க?"

"உனக்கு வேலை போயிருமல்ல கண்ணு. ஆட்டையெல்லாம் வித்துப்போட்டு நானும் உன்ற கம்பெனிக்கே வந்தர்றேன். வேன் எத்தன மணிக்கு வருது?"

"ஏழரைக்குங்க" என்றேன்.