இடதுகை வெல்டிங்

அன்பு மச்சான்,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். நீ போய் இரண்டு வருடமாகிறது. இந்த இரண்டு வருடமும் உனக்காக ஒருவனைப் பகைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறேன். அதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

கணேசனை உனக்குத் தெரியும். எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவன், என் பழைய சிநேகிதன். உன் கருமாதி அன்று தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என் காதுக்குள் சொன்னான்: "கோவிக்காதீங்க மாஸ்டர். ஒங்க மச்சான் நல்ல மனுசன்தான். ஆனா என் கார் கன்வேட்டர்ல இருந்த சாமானை உருவுனது அவருதான்."

காரின் புகைக்குழாயில் இருக்கும் அந்தக் கன்வேட்டர் டப்பாவுக்குள் தேன்கூடு மாதிரி ஒன்று இருக்கும். புகையின் நஞ்சைக் குறைப்பது அதுதான். அதில் பூசியிருக்கும் உலோகத்துக்கு நல்ல விலை உண்டு என்பதும், சில கராஜ்களில் அதை எடுத்துவிட்டு வெறும் டப்பாவை மூடித் தருகிறார்கள் என்பதும் ஊரறிந்த கதை. ஆனால் உன் கராஜிலா? நீயா? "இந்த வீட்டுச் சோத்தைத் தின்னுட்டுப் பேசுற பேச்சா இது? எந்திரிங்க" என்றேன். எல்லோரும் பார்க்க எழுந்து போனான். அதற்குப் பிறகு ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலி, ஆனால் பேச்சில்லை. எனக்குப் பள்ளிக்கூட அதிபர் பதவி கிடைக்காததற்கும் அவன்தான் காரணம் என்று பிறகு சேர்த்துக்கொண்டேன். கோபத்தைச் சேர்த்து வைக்க எனக்கு நன்றாக வரும். நீயே சொல்லிச் சிரிப்பாய்.

இப்போது நடந்ததைக் கேள்.

போன மாதம் வட்டவளைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பாதையில் காரின் அடியில் கல் அடித்துப் புகைக்குழாய் வெடித்துவிட்டது. ஒட்டிக் கொடுத்தவன், கன்வேட்டருக்குப் பிறகு புகையை அளக்கிற பின் சென்சருக்கு அடியில் இருந்த நீளமான நட்டு ஒன்றைக் கழற்றி, "இது தேவையில்லாத சாமான்" என்று கையில் தந்தான். ஒரு கிழமை போகவில்லை, என்ஜின் லைட் எரியத் தொடங்கியது.

உன் கராஜை இப்போது வேறொருவன் வாடகைக்கு நடத்துகிறான். அவனிடம் போக மனமில்லாமல் இன்னொரு கராஜ்காரரான பாரூக் நானாவிடம் போனேன். கருவியைச் சொருகிப் பார்த்துவிட்டு, கன்வேட்டர் வேலை செய்யவில்லை என்று காட்டுகிறது என்றார். சோப்புத் தண்ணீர் தடவிக் குழாயில் கசிவு பார்த்தார். இல்லை. புது சென்சர் போட்டுப் பார்த்தார். அதே கதைதான். கருவியின் திரையில் முன் சென்சரின் கோடு துள்ளும்போது பின் சென்சரின் கோடு அமைதியாக ஓட வேண்டுமாம். என் காரில் இரண்டும் சேர்ந்து துள்ளின. ரப்பர் சுத்தியலால் டப்பாவைத் தட்டினார். வெற்றுத் தகரத்தின் சத்தம்.

"உள்ளுக்கு ஒண்டுமே இல்ல சேர். வெட்டித் திறந்து எடுத்துப்போட்டு மூடியிருக்கு. லைட் எரியாம இருக்கத்தான் அந்த நட்டைப் போட்டிருக்கான்."

குனிந்து பார்த்தேன் மச்சான். டப்பாவின் மேல் பக்கம், சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத இடத்தில், அந்த வெல்டிங். மற்றவர்கள் போடுவதற்கு எதிர்ப்பக்கம் சாய்ந்த வளையங்கள், முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு கொக்கி. நீ வெல்டிங் செய்த உன் வீட்டு கேட்டில் நான் தினமும் கை வைக்கிற அதே கொக்கி.

"யாரு செஞ்சதுன்னு தெரியுமா சேர்?"

"தெரியாது நானா. ஜப்பான்ல இருந்து பழைய காரா வரும்போதே இப்படித்தான் வந்திருக்கும்."

நானா துணியில் கையைத் துடைத்தார். "அப்ப ஜப்பான்லயும் எடதுகைக்காரன் ஒருத்தன் ஈக்கிறான் போல" என்றார்.

வேறொரு காரில் இருந்து கழற்றிய, உள்ளே சாமான் உள்ள டப்பா ஒன்றைக் கண்டியிலிருந்து எடுத்துப் பூட்டினார். பின் சென்சரின் கோடு இப்போது அசையாமல் ஓடுகிறது. லைட் அணைந்துவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது என்றார்.

என்ன சரியானது? காசு கேட்டிருந்தால் தந்திருக்க மாட்டேனா? என் காரில் கை வைக்கும்போது என் தங்கச்சியின் முகம் உனக்கு ஞாபகம் வரவில்லையா? காரை வேலை பார்த்துத் தந்த அன்று, "இனி மலையேத்தம் நல்லா இழுக்கும் மச்சான்" என்று சிரித்தாயே, அந்தச் சிரிப்பை இப்போது எந்தக் கணக்கில் வைப்பது? கேட்க நீயும் இல்லை.

பழைய டப்பாவோடு உன் வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. தங்கச்சி கராஜின் பெயர்ப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாடகைக்கு எடுத்தவன் பெயரை மாற்றக் கேட்டிருக்கிறான். "இவரு பேரைப் பாத்துத்தான் ஆளுங்க வாராங்க, அது இருக்கட்டும்னு சொல்லிட்டேன்ண்ணே" என்றாள். காருக்குள் பார்த்து, "அது என்னாண்ணே?" என்றாள்.

"பழைய இரும்பு."

வரும் வழியில் அதை ஆற்றில் போட்டேன்.

கணேசனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். கேட்க முடியாது. நாளைக்கு நான் அவனிடம் ஒரு வார்த்தை நல்லதாகப் பேசினால், ஏன் என்று அவனுக்கு உடனே விளங்கிவிடும். அவன் வழியாக ஊருக்கும் விளங்கினால் அந்தப் பலகை நிற்காது. அவன் போன கிழமை பென்சன் எடுக்கப்போகிறேன் என்று என்னைத் தவிர எல்லோரிடமும் சொன்னான். பிரியாவிடைக்கும் நான் போக மாட்டேன். உனக்கு நான் தருகிற வாக்கு இதுதான்: உன்னை மன்னிக்க மாட்டேன், ஆனால் இந்தப் பகையை முறியவும் விட மாட்டேன்.

யாரிடமும் சொல்லாமல் இருக்க நெஞ்சில் இடமில்லை. அதனால் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். ஆட்களின் பெயரையெல்லாம் மாற்றிவிட்டேன். உன் இடது கையை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. கணேசன் விளையாட்டுப் பக்கத்தைத் தவிர வேறொன்றும் வாசிப்பதில்லை. என் பெயரைக் கீழே போட்டால் உன் பெயரையும் போட்டது போலாகும். போடாமலேயே தபாலில் சேர்க்கிறேன்.

உன் பிள்ளைகளின் தாய்மாமன்