மூன்றாம் வருடத்து வாசல்

அன்பு மகன் ரோனியேலுக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் கடவுள் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். நீயும் மருமகள் யாமிலேத்தும் சுகமா என்று கேட்டால் சுகம் என்றுதான் சொல்வாய், அதனால் கேட்கவில்லை. பதினோரு நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. குரலைப் பதிவுசெய்து அனுப்பலாம் என்றால் உன் ஏஜெண்டும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பான், கேட்டதை வைத்து உனக்கு வேறு பாடம் நடத்துவான். ஆகவே எழுதுகிறேன். மருந்துக்கடை நிதியா நாளைக் காலை விமானத்தில் அங்கே வருகிறாள், உன்னைத் தவிர வேறு யாரிடமும் இதைக் கொடுக்கக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். தனியாக உட்கார்ந்து படி. வலது கையால் பிடித்துப் படிக்க முடியாவிட்டால் இடது கையால் பிடித்துக்கொள், என் முன்னால் மறைத்த மாதிரி காகிதத்தின் முன்னாலும் மறைக்க வேண்டாம்.

நான்கு நாளாக மழை விடவில்லை, கொல்லையில் இரண்டு வாழை சாய்ந்துவிட்டது, காயெல்லாம் பிஞ்சு, வேகவைத்து மசித்தாலும் நார்தான். உன் அப்பாவுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் உன் படம் போட்ட துணி கட்டியாகிவிட்டது, நனைந்து உன் மூக்கு கோணலாகத் தொங்குகிறது. இந்த ஊரில் சட்டம் படித்தவன் ஒருவன் கிடையாது, ஆனால் உன் ஒப்பந்தத்தின் அந்த ஒரு பிரிவு மட்டும் முடிவெட்டுகிறவனுக்குக்கூட மனப்பாடம். ஆறு வருட ஒப்பந்தம், மூன்றாம் வருடம் முடிந்ததும் வேண்டுமானால் நீயாக விலகிக்கொள்ளலாம், அந்த வருடத்துக் கடைசி ஆட்டம் முடிந்த ஐந்து நாளுக்குள் சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால் பாக்கி மூன்று வருடச் சம்பளமும் உனக்கு உறுதி. நேற்று முன்தினம் கடைசி ஆட்டம் முடிந்தது. டொமினோ ஆடுகிற மேஜையில் இப்போது இதுதான் பேச்சு. சின்ன வயதிலேயே உன்னைக் கண்டெடுத்து பேஸ்பால் பந்து எறியக் கற்றுக்கொடுத்த சிப்ரியான் மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்கிறான், "வெளிய வரட்டும் அக்கா, முப்பது கிளப்பும் வாசல்ல வரிசையா நிக்கும், எங்க ரோனியேல் ராஜா மாதிரி கை காட்டுவான்." உன் அப்பா அதைக் கேட்டுக் கேட்டு ஒரு சுற்றுப் பருத்தே போய்விட்டார்.

நான் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை, உன்னைப் பார்க்கிறேன். எத்தனை பேரை அவுட் ஆக்கினாய் என்று ஊர் எண்ணியது, நான் உன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து எறிகிற மேட்டில் ஏறியதும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வாயே, ஆகஸ்ட் மாதத்திலிருந்து உன் கை நெற்றிக்குப் போகவில்லை, நெற்றி கைக்கு இறங்கி வருகிறது. பெற்றவளுக்கு அது தெரியாதா. அந்த வலி எப்போது வந்தது என்றும் தெரியும். ஜனவரியில் கன்னித்தாய் திருநாளன்று, கலியாணமானவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் வருடா வருடம் நடக்கிற ஆட்டம். ஒன்பது வருடமாகத் தோற்ற கலியாணமானவர்கள், நீ புது மாப்பிள்ளை என்றதும் உன்னை விட்டுவிடுவார்களா. கிளப்பின் அனுமதி இல்லாமல் வெளியே எங்கேயும் எறியக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது என்று நீ சொல்லத்தான் செய்தாய். உன் அப்பா, "ஒரே ஒரு இன்னிங்ஸ்டா, எவன் பாக்கப் போறான்" என்றார். அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து உன் பெயரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தியவள் நான்தான். சூடேற்றிக்கொள்ளாத கையால் ஒன்பது பந்து எறிந்தாய், மூன்று பேரும் அவுட்டாகிப் போனார்கள், ஊர் ஆடியது. மறுநாள் காலை நீ இடது கையால் பல் தேய்த்ததைப் பார்த்தேன். பார்த்தும் பேசாமல் இருந்தேன், அது என் தப்பு. அதற்குப் பிறகு வலி தெரியாமலிருக்க ஊசி போட்டுக்கொண்டு இந்த வருடத்து ஆட்டம் முழுக்க எறிந்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். இல்லை என்று சொல்லாதே.

இப்போது நான் எழுத வந்த விஷயம். வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் இங்கே இரண்டு தடவை வந்தார், உன் கிளப்பின் ஆள் என்றார், நம் பாஷை நன்றாகப் பேசுகிறார். முதல் தடவை உன் பள்ளிக்கூடம், உன் சிநேகிதர்கள் என்று என்னவோ விசாரித்துவிட்டு, திருநாளுக்கு நீ ஊரில் இருந்தாயா என்று சாதாரணமாகக் கேட்டார். நான் காப்பி எடுக்க உள்ளே போய்விட்டு வருவதற்குள் நம் சிப்ரியான் தன் போனை நீட்டி அந்த ஒன்பது பந்தையும் அவருக்குக் காட்டிக்கொண்டிருக்கிறான். பெருமை தாங்கவில்லை அவனுக்கு. "பாருங்க சார், சும்மா வெறும் கையில வந்து எறிஞ்சான்" என்கிறான். அவர் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார், என்ன தேதி என்று கேட்டார், தனக்கும் அனுப்பச் சொன்னார், இவனும் அனுப்பினான். காப்பியை அவர் முழுதாகக் குடித்தார், நன்றாக இருக்கிறது என்றார். இரண்டாம் தடவை இந்தத் திங்கட்கிழமை ஒரு கூடைப் பழத்தோடு வந்தார். "உங்க மகன் வெளிய போகணும்னு நெனச்சா நாங்க குறுக்க நிக்கமாட்டோம்மா, அவன் விருப்பம், சந்தோஷமா அனுப்பி வைப்போம்" என்றார். உன் அப்பா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வைத்திருக்கிறவனே கயிற்றை அவிழ்த்துவிட்டால், ஆட்டுக்கு என்ன சீக்கு என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பழத்தை நான் தொடவில்லை.

யோசித்துப் பார் மகனே. அவர்களாக உன்னை அனுப்ப முடியாது, நீயாகப் போனால்தான் உண்டு. நீ போய்விட்டால் உன் கைக்கு அவர்கள் பொறுப்பில்லை. புதுக் கிளப் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் உன்னை மெஷினுக்குள் படுக்க வைத்துப் படம் எடுக்கும், படத்தில் தெரிவது தெரியும், பழைய இடமும் போய்ப் புது இடமும் போய் நடுத்தெருவில் நிற்பாய். இருக்கிறதை விட்டுப் பறக்கிறதைப் பிடிக்கிற கதை. நான் சொல்வது இதுதான், விலகாதே. ஏஜெண்டுக்கு முன்னால் உன் கிளப்பின் டாக்டரிடம் போ, கை வலிக்கிறது என்று சொல், திருநாள் ஆட்டத்தையும் நீயே உன் வாயால் சொல்லிவிடு. கோபப்படுவார்கள், தண்டம் போடுவார்கள், வழக்கு என்றுகூடப் பேசுவார்கள். ஆனால் அவர்கள் சொல்லி வெளியே வருவது வேறு, நீ சொல்வது வேறு. மடியில் கனம் இருக்கிறவனுக்குத்தான் வழியில் பயம், இறக்கி வைத்துவிடு. இங்கே சிரிப்பார்கள், பயந்துவிட்டான் என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, சிரிக்கட்டும், துணியை நான் கழற்றிக்கொள்கிறேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு அரிசி போட எழுந்தேன், அதற்குள் தெருவில் வாணம் வெடித்தது. உன் அப்பா ஓடி வந்து என்னைத் தூக்கிச் சுற்றினார். நீ அவருக்குப் போன் செய்தாயாம், காலையிலேயே விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாயாம். நான் போனைப் பிடுங்கினேன், ரோனியேல் என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன், நீ வைத்துவிட்டாய். என்னிடம் பேசினால் கையைப் பற்றிக் கேட்பேன் என்று உனக்குத் தெரியும். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, அந்தத் தொப்பிக்காரர் வீட்டுப் போனில் கூப்பிட்டார். "உங்களுக்குத்தாம்மா மொதல்ல வாழ்த்து சொல்லணும், தம்பிய கைய மட்டும் பத்திரமா பாத்துக்கச் சொல்லுங்க" என்றார். வெளியே எல்லோரும் ஆடுகிறார்கள், உன் அப்பா நடுவில் ஆடுகிறார், அவரிடம் இதைச் சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது மகனே.

மேலே எழுதியதைக் கிழிக்கவில்லை, படித்துக்கொள். இனி அதைச் செய்ய முடியாது, இதையாவது செய். ஊசி போட்டுக்கொண்டு போய் எந்த மெஷினிலும் படுக்காதே, ஊசி உன்னைத்தான் ஏமாற்றும், மெஷினை ஏமாற்றாது. எந்தக் கிளப்புக்கும் சேராத ஒரு டாக்டரிடம் முதலில் கையைக் காட்டு, அவர் சொல்வதை யாமிலேத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேள். அதன் பிறகு எது வந்தாலும் வீட்டுக்கு வா, துணி தொங்குகிறதே என்று கூச்சப்படாதே. கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும், கன்னித்தாய் உன் முழங்கையைத் தன் உள்ளங்கையில் வைத்துத் தாங்கட்டும். இந்தக் கடிதம் உன்னிடம் வரும்போது நீ எந்தக் கிளப்பின் ஆளும் இல்லை. யாரிடமும் அனுமதி கேட்காமல் அம்மாவுக்குப் போன் செய்யலாம்.

இப்படிக்கு,
அன்று கத்தாமல் இருந்திருக்க வேண்டிய உன் அம்மா,
ஃபெலிபா